கொல்லம் பேங்கும் மாமாவின் கிரிப்டோவும்

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. மறுநாள் ரிலீஸ். டெக்னோபார்க்கில் மிச்சம் வைத்த ஆணிகளை நாகர்கோவில் வீட்டில் உட்கார்ந்து பிடுங்கிக்கொண்டிருந்தேன். பதினோரு மணிக்கு மாமாவிடமிருந்து போன். கோட்டாறில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். ஒன்பது மணிக்கெல்லாம் படுத்துவிடுகிற ஆள்.

"மக்கா, ஒனக்கு இந்த கம்ப்யூட்டர் வெவரமெல்லாம் தெரியும்லா. ஒரு சின்ன சந்தேகம்."

சின்ன சந்தேகத்தின் மொத்த மதிப்பு ஆறு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய்.

கதை உங்களுக்கெல்லாம் தெரிந்த கதைதான். முதலில் ஒரு வாட்ஸப் குழு. அங்கிருந்து டெலிகிராம். கிரிப்டோ புரோக்கர் என்று ஒரு ஆள், தினமும் காலையில் "வணக்கம் அண்ணாச்சி" சொல்லியிருக்கிறான். அவன் கொடுத்த ஆப்பை மாமா போனில் ஏற்றிக்கொண்டார். முதலில் பத்தாயிரம் போட்டு, இரண்டு நாளில் பன்னிரண்டாயிரம் எடுத்தும் காட்டிவிட்டான். அந்த இரண்டாயிரம்தான் தூண்டில் புழு. அப்புறம் நாற்பது நாளில் கடைப்பணம், சீட்டுப்பணம், அத்தையின் வளையலை வைத்த பணம் எல்லாம் போனது. ஆப்பில் பத்தொன்பது லட்சம் காட்டுகிறது. எடுக்கப் போனால் "வரி கட்டணும்" என்றான். வெள்ளிக்கிழமை தொண்ணூறாயிரம் கட்டினார். ஞாயிற்றுக்கிழமை "சரிபார்ப்புக்கு இன்னும் ஒரு லட்சம்" என்று மெசேஜ். அப்போதுதான் என் ஞாபகம் வந்திருக்கிறது.

"மாமா, போனை வெச்சிட்டு உடனே 1930-க்கு அடிங்க. இல்லன்னா நான் இப்பவே வாறேன்" என்றேன்.

"போலீசா? வேண்டாம்டே. சவத்த விடு. தை மாசம் பிள்ளைக்கு கல்யாணம் வெச்சிருக்கு. பணம் போச்சுன்னு தெரிஞ்சா மாப்பிள்ளை வீட்டுக்காரன் என்ன நெனைப்பான்? எழுதிக் குடுத்தா மட்டும் பணம் வந்துருமா?"

இந்தக் கடைசி வரியை எங்கேயோ கேட்டிருக்கிறேனே என்று தோன்றியது. கேட்டிருக்கிறேன். இதே வீட்டில், மாமாவின் அப்பா வாயால். (கொசுவர்த்தியைச் சுற்றிக்கொள்ளவும்.)

எங்க பாட்டா வருஷத்தை இங்கிலீஷில் சொல்ல மாட்டார். எல்லாம் கொல்லம் ஆண்டுதான். "தொண்ணூத்தொம்பது வெள்ளத்துக்கு மொத வருசம்", "பதிமூணு ஆனியில" என்றுதான் வரும். தொண்ணூத்தொம்பது என்றால் கொல்லம் 1099, அதாவது 1924-ல் திருவிதாங்கூரையே முக்கி எடுத்த பெருவெள்ளம். பதிமூணு என்றால் 1113. அந்த ஆனி மாசம் நமக்கு 1938 ஜூன். பாட்டாவுக்கு அப்போது எட்டு வயசு.

"கொல்லம் பேங்கு பொட்டிச்சு போச்சு. அப்பா திண்ணையில இருந்தவரு மூணு நாளு எந்திரிக்கல்ல" என்பார். பூட்டனுக்கு அதில் நானூறு ரூபாய் சொச்சம் இருந்திருக்கிறது. இரண்டு போகம் நெல் விற்ற காசு, பாட்டாவின் அக்கா கல்யாணத்துக்காகச் சேர்த்தது. தெரிந்த வக்கீல் குமாஸ்தா ஒருவர் வீட்டுக்கே வந்து, "கிளெய்ம் எழுதிக் குடும்வேய், கோர்ட்டு வழியா ஏதாவது கெடைக்கும்" என்று சொன்னாராம். பூட்டன் எழுதவில்லை. பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயித்திருக்கும்போது இவன் பணம் பேங்கோடு போய்விட்டது என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டாம். வயலை ஒற்றிக்கு வைத்துக் கல்யாணத்தை நடத்திவிட்டார். அந்த வயல் திரும்ப வரவேயில்லை.

சின்ன வயசில் இதை ஒரு சோகக் கதையாக மட்டும் கேட்டேன். அன்றைக்கு ராத்திரி மாமா போனை வைத்த பிறகுதான் இதில் ஒரு சரித்திரமும் இருக்கிறது என்று உறைத்தது. நான் பொட்டி தட்டுகிறவன், சரித்திரம் படித்தவன் இல்லை. இருந்தாலும் இந்த ஒரு மாசமாகத் தேடித் தேடிப் படித்ததை எழுதி வைக்கிறேன்.

பாட்டா "கொல்லம் பேங்கு" என்றது உண்மையில் இரண்டு பேங்குகள் சேர்ந்த ஒன்று. மலையாள மனோரமா பத்திரிகையை நடத்திய கே.சி. மாம்மன் மாப்பிள்ளை 1912-ல் திருவல்லாவில் திருவிதாங்கூர் நேஷனல் பேங்கைத் தொடங்கினார். சி.பி. மாத்தன் நடத்தியது குயிலான் பேங்க். குயிலான் என்றால் கொல்லம். இரண்டும் 1937-ல் இணைந்து திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் பேங்க் ஆயின. தென்னிந்தியாவின் பெரிய பேங்குகளில் ஒன்று. பதிவு திருவிதாங்கூரில், மத்திய அலுவலகம் சென்னையில். இந்த ஒரு விவரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

அந்தக் காலத் திருவிதாங்கூரில் பேங்க் என்பது பெட்டிக்கடை மாதிரி. சிட்டி (நம்ம சீட்டுதான்) நடத்தி நாலு காசு பார்த்தவர்கள் பேங்க் என்று ஒரு பலகை மாட்டினார்கள். நூற்றுக்கணக்கில் இருந்தன. அந்தக் கூட்டத்தில் இது ஆலமரம். பெரிய பேங்க், பெரிய மனுஷர்கள், கையில் பத்திரிகை வேறு. நாஞ்சில் நாட்டு விவசாயி ஒருவன் நம்பிப் போட்டதில் தப்பு சொல்ல முடியாது.

இணைந்து ஒரு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை, வதந்தி கிளம்பியது. கூட்டம் கூடியது. ஒரு பேங்கின் மேல் கூட்டம் பாய்ந்தால் எந்த பேங்கும் தாங்காது. நாம் போடும் பணத்தை அது பெட்டியில் வைத்திருப்பதில்லை, கடனாகக் கொடுத்திருக்கும். எல்லோரும் ஒரே நாளில் கேட்டால் எங்கே போகும்? 1935-ல்தான் ரிசர்வ் வங்கி தொடங்கியிருந்தது. இவர்கள் அங்கே கை நீட்டிப் பார்த்தார்கள். பிழைக்கிற அளவுக்கு உதவி கிடைக்கவில்லை. 1938 ஜூன் மூன்றாம் வாரம் கதவு மூடியது.

ஏன் மூடியது என்பதற்கு இன்றுவரை இரண்டு கதை உண்டு. ஒன்று, திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் திட்டம் போட்டுக் கவிழ்த்தார் என்பது. திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரஸ் 1938 பிப்ரவரியில்தான் உருவாகியிருந்தது. பொறுப்பாட்சி கேட்ட அந்த இயக்கத்தின் பக்கம் மாம்மன் மாப்பிள்ளையின் பத்திரிகை நின்றது. அதே வருஷம் செப்டம்பர் 10-ந் தேதி மனோரமாவையும் அரசு மூடி சீல் வைத்தது, பிறகு அது 1947-ல்தான் திரும்பி வந்தது. இதையெல்லாம் பார்த்தால் முதல் கதையைச் சும்மா தள்ள முடியாது. இரண்டாவது கதை, பேங்கின் கணக்கிலேயே கோளாறு, கடன் கொடுத்த லட்சணம் சரியில்லை என்பது. வெறும் வதந்தியால் ஆலமரம் விழாது, வேரில் கொஞ்சமாவது கறையான் இருந்திருக்கும் என்பது இவர்கள் கட்சி. இரண்டிலும் உண்மை இருக்கலாம் என்பது என் எண்ணம். உங்களுக்கு வேறு எண்ணம் இருந்தால் பின்னூட்டத்தில் சண்டைக்கு வரலாம் :-)

அக்டோபரில் மாம்மன் மாப்பிள்ளையையும் மாத்தனையும் சென்னையில் கைது செய்தார்கள். இங்கேதான் அந்த எல்லை விவகாரம் வருகிறது. சென்னை பிரிட்டிஷ் இந்தியா. திருவிதாங்கூர் தனி சமஸ்தானம். ஆரல்வாய்மொழி தாண்டினால் வேற ராஜ்ஜியம், சுங்கச்சாவடி, வேற சட்டம், வேற காசு. எங்க ஊர் சர்க்கார் ரூபாய்க்கு 28 சக்கரம், பிரிட்டிஷ் ரூபாய்க்கு இருபத்தெட்டரைச் சக்கரம். சென்னையில் பிடித்தவர்களைத் திருவனந்தபுரம் கொண்டுபோகலாமா என்பதே பெரிய வழக்கானது. ஆட்கொணர்வு மனு சென்னை உயர்நீதிமன்றத்தில் தொடங்கி, 1939-ல் லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய்த் தோற்றது. திருவிதாங்கூரில் வழக்கு நடந்து தண்டனை ஆனது. 1940-களின் தொடக்கத்தில் விடுதலையானார்கள். மாத்தன் பிறகு 1952-ல் முதல் மக்களவைக்கு எம்.பி. ஆனார். மாம்மன் மாப்பிள்ளையின் மகன்களில் ஒருவர் 1946-ல் சென்னை திருவொற்றியூரில் பலூன் செய்ய ஆரம்பித்தார். அதுதான் இன்றைக்கு டயர் விற்கும் எம்.ஆர்.எஃப்.

பெரியவர்கள் கதை இப்படி. புத்தகங்களிலும் இதுதான் இருக்கிறது. என் பூட்டன் மாதிரி ஆட்களின் கதை என்ன?

அவர்களுடைய கதை கோர்ட்டில் கட்டுக்கட்டாகக் காகிதமாக நடந்தது. பேங்கைக் கலைக்கச் சொல்லி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டு லிக்விடேட்டர்களை நியமித்தது. லிக்விடேட்டர் வேலையை எங்க பாஷையில் சொன்னால், செத்துப்போன சிஸ்டத்தில் இருந்து டேட்டாவை மீட்டு, யாருக்கு எவ்வளவு என்று பட்டியல் போடுவது. பேங்க் கொடுத்த கடன்களை வசூலிப்பார். கட்டடம், பத்திரம் எல்லாம் விற்பார். அந்தப் பக்கம், பணம் போட்டவர்கள் ஒவ்வொருவரும் "எனக்கு இவ்வளவு வரணும், இதோ ஆதாரம்" என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதுதான் கிளெய்ம். வந்த பணத்தில் கோர்ட் செலவு, சட்டப்படி முன்னுரிமை உள்ள பாக்கிகள் எல்லாம் போக, மிச்சத்தை பட்டியலில் உள்ளவர்களுக்கு ரூபாய்க்கு இத்தனை அணா என்று பங்கு போடுவார்கள். இந்தப் பங்குக்குப் பெயர் டிவிடெண்ட். லாபத்திலும் அதே வார்த்தை, நஷ்டத்திலும் அதே வார்த்தை!

பலருக்கு அன்றைக்கும் இன்றைக்கும் புரியாத இடம் ஒன்று உண்டு. பேங்கில் போட்ட பணம் நம்ம பணம்தானே, எடுத்துக் கொடுக்க என்ன கிளெய்ம் என்று தோன்றும். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1848-லேயே லண்டன் பிரபுக்கள் சபை ஃபோலி – ஹில் வழக்கில் முடிவு செய்துவிட்டது. பேங்கில் போட்ட கணம் அது பேங்கின் பணம். நீங்கள் பேங்குக்குக் கடன் கொடுத்தவர். அவ்வளவுதான். பேங்க் விழுந்தால் மற்ற கடன்காரர்களோடு நீங்களும் வரிசையில் நிற்க வேண்டும்.

ஆனால் பணத்தைக் கடனாக இல்லாமல் அடைக்கலமாகக் கொடுத்திருந்தால் கதையே வேற. டிரஸ்ட் என்கிறார்களே, அது. "இந்தப் பணத்தை இன்னாரிடம் சேர்த்துவிடு" என்று ஒரு குறிப்பிட்ட காரியத்துக்குக் கொடுத்த பணம் அடைக்கலம் என்று கோர்ட் ஒத்துக்கொண்டால், வரிசையில் நிற்க வேண்டாம், முழுசாகத் திரும்ப வரும். இந்த பேங்க் விழுந்த பிறகு 1939, 40-களில் சென்னை உயர்நீதிமன்றத்தில் வந்த வழக்குகளில் ஒரு பெரும்பங்கு இதுதான். வசூலுக்குக் கொடுத்த செக், வேறு காரியத்துக்காகக் கட்டிய தொகை, எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு இது கடனா அடைக்கலமா என்று கேட்டார்கள். ஒரு வார்த்தையில் முழுப் பணம், இன்னொரு வார்த்தையில் ரூபாய்க்குச் சில அணா.

பூட்டனுடைய நானூறு ரூபாய் சாதாரண டெபாசிட். கடன்தான். எத்தனை அணா வந்திருக்குமோ தெரியாது. பேர் எழுதாதவனுக்கு எத்தனை அணா வந்திருக்கும் என்பது மட்டும் நிச்சயமாகத் தெரியும். பூஜ்யம்.

நிற்க. 1938-க்கு முன்னால் இப்படி நடக்கவில்லையா? நடந்தது. சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி என்று ஒரு மலை இருந்தது. வெள்ளைக்காரத் துரை கம்பெனி, நூறு வருஷப் பழசு, மற்ற இடங்களைவிடக் கூடுதல் வட்டி. பென்ஷன்காரர், விதவை, வக்கீல், ஜமீன்தார் என எல்லோரும் அங்கேதான் போட்டார்கள். லண்டன் கிளையைப் பார்த்துக்கொண்ட கூட்டாளி மக்ஃபாடியன் ஊக வணிகத்தில் கோட்டை விட்டு, 1906 அக்டோபரில் தற்கொலை செய்துகொண்டார். இரண்டே நாளில், 22-ந் தேதி திங்கட்கிழமை, சென்னையில் கதவு மூடியது. கொடுக்க வேண்டியது இரண்டு கோடி ரூபாய்க்கு மேல். 1906-ல் இரண்டு கோடி! தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்கு அடுத்த வருஷம் பதினெட்டு மாசக் கடுங்காவல்.

அப்போது கையில் இருந்த திவால் சட்டம் 1848-ல் போட்டது. ஆயிரக்கணக்கில் கிளெய்ம் வந்து குவிந்தபோது அது பல்லிளித்தது. அதனால்தான் 1909-ல் சென்னை, பம்பாய், கல்கத்தா நகரங்களுக்குப் புதிய திவால் சட்டம் வந்தது. ஆர்பத்நாட்டில் பணம் போனவர்களுக்காக வாதாடிய வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர், "நமக்கென்று ஒரு பேங்க் வேணும்" என்று கிளம்பியதில் வந்ததுதான் இந்தியன் பேங்க். தொடக்கம் 1907 ஆகஸ்ட் 15.

இப்படி வரிசையாகப் பார்க்கும்போது ஒரு விஷயம் பிடிபட்டது. ஒவ்வொரு முறையும் பணம் போகிறது. ஜனங்கள் கிளெய்ம் எழுதுகிறார்கள். அந்தக் காகிதக் குவியல் இருக்கிற சட்டத்தால் தாங்க முடியாத அளவுக்குப் போகும்போது புது சட்டம் வருகிறது. ஆர்பத்நாட்டுக்கு 1909. கொல்லம் பேங்க் விழுந்த மறுவருஷம் ரிசர்வ் வங்கி பேங்குகளுக்கென்று தனிச் சட்டம் வேண்டும் என யோசனை அனுப்பியது, அது 1949-ல் சட்டமானது. 1960 ஆகஸ்ட் 8-ல் கேரளத்தின் பாலாய் சென்ட்ரல் பேங்கைக் கலைக்கச் சொல்லி ரிசர்வ் வங்கியே கோர்ட்டுக்குப் போனது. மறுபடியும் கூட்டம், அழுகை. அதன் பலன் டெபாசிட் இன்சூரன்ஸ், 1962 ஜனவரி 1 முதல். ஆரம்பத்தில் தலைக்கு 1,500 ரூபாய். 1993-ல் ஒரு லட்சம், 2020 பிப்ரவரியில் ஐந்து லட்சம். இன்று உங்கள் பேங்க் முடங்கினால் ஐந்து லட்சம்வரை தொண்ணூறு நாளில் தர வேண்டும் என்று 2021-ல் திருத்தமும் வந்தது. பூட்டனுக்கு இது இருந்திருந்தால் வயல் போயிருக்காது.

பேங்க் என்ற பேரே இல்லாமல் வசூலித்தவர்களை என்ன செய்வது? 1990-களில் தமிழ்நாடு முழுக்க ஃபைனான்ஸ் கம்பெனிகள் 24 சதவீதம், 36 சதவீதம் என்று சொல்லி வாரிக்கொண்டு ஓடியது பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அதற்கு வந்தது 1997-ன் முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டம். ஏமாந்தவர்கள் பொருளாதாரக் குற்றப்பிரிவில் எழுதிக் கொடுக்க வேண்டும். அரசு சொத்தை முடக்கும். தனி நீதிமன்றம் ஏலம் விட்டுப் பங்கு போடும். ஓடினவன் சொத்துக்கு வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டாம் என்பதுதான் இதன் பலம். இது செல்லாது என்று வழக்குப் போட்டார்கள். 2011-ல் செல்லும் என்று உச்சநீதிமன்றம் சொன்னது.

எங்க மாவட்டத்துக்கே அந்தச் சட்டம் வந்து சேர்ந்தது. 2017-ல் களியக்காவிளைப் பக்கம், கேரள எல்லையை ஒட்டிய மத்தம்பாலையில் நிர்மல் கிருஷ்ணா என்ற சிட்டி நிறுவனம் மூடியது. இடம் தமிழ்நாடு. பணம் போட்டவர்களில் பெரும்பாலோர் எல்லைக்கு அந்தப் பக்கம். திவால் மனு திருவனந்தபுரம் கோர்ட்டில், குற்ற வழக்கு நாகர்கோவிலில். 1938-ல் எல்லை ஆரல்வாய்மொழியில் இருந்தது. 1956 நவம்பர் 1-ல் நாங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்ததும் எல்லை களியக்காவிளைக்கு நகர்ந்தது. பணம் போட்டவன் எந்தப் பக்கம் போய் எழுதிக்கொடுப்பது என்ற குழப்பம் மட்டும் நகரவேயில்லை!

இப்போது மாமாவின் கிரிப்டோவுக்கு வருவோம். இங்கே எல்லையே கிடையாது. அதுதான் சிக்கல்.

கிரிப்டோவில் எல்லாமே மாயம் என்று சொல்லவில்லை. முகவரி உள்ள இடம் விழுந்தால் கிளெய்ம் உண்டு. டோக்கியோவில் மவுண்ட் காக்ஸ் 2014-ல் விழுந்தது. திவால் சட்டப்படி கணக்குப் போட்டால் ஒரு பிட்காயினுக்கு அன்றைய விலை, சுமார் 480 டாலர்தான். பிட்காயின் விலையோ அதற்குள் பல மடங்கு ஏறிவிட்டது. கிளெய்ம் போட்டவர்கள் விடாமல் மல்லுக்கட்டி 2018-ல் வழக்கை மறுசீரமைப்பு முறைக்கு மாற்றிக்கொண்டார்கள். காசாகவும் காயினாகவும் திரும்பத் தர ஆரம்பித்தது 2024 ஜூலையில். பத்து வருஷம். நம்ம ஊர் வசீர்எக்ஸ் 2024 ஜூலை 18-ல் ஹேக் ஆகி சுமார் 23 கோடி டாலர் போனது. இழப்பைப் பங்கு போடும் வழக்கு சிங்கப்பூர் கோர்ட்டில் நடந்தது. அதில் தன் காயினையும் சேர்க்கக்கூடாது என்று முதலீட்டாளர் ஒருவர் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனார். 2025 அக்டோபரில் தீர்ப்பு. கிரிப்டோ ஒரு சொத்து, அதை இன்னொருவருக்காக அடைக்கலமாக வைத்திருக்க முடியும் என்றது கோர்ட்.

கடனா, அடைக்கலமா? எண்பத்தைந்து வருஷம் கழித்து, அதே கோர்ட்டில், அதே கேள்வி. படித்தபோது எனக்குப் புல்லரித்தது.

ஆனால் மாமாவுக்கு இதெல்லாம் கிடையாது. அவர் போட்ட இடம் விழுந்துபோன பேங்க் இல்லை, ஹேக் ஆன எக்ஸ்சேஞ்ச் இல்லை. அது ஒரு படம். ஆப்பில் தெரிந்த பத்தொன்பது லட்சம், நான் அரை மணி நேரத்தில் எழுதக்கூடிய ஒரு ஸ்க்ரீன். கிரிப்டோவே வாங்கப்படவில்லை. அவர் பணம் போனது யாரோ வாடகைக்கு விட்ட சேமிப்புக் கணக்குகளுக்கு. அங்கிருந்து நாலைந்து கணக்கு தாண்டி, கடைசியில் டாலர் காயினாக மாறி வெளிநாட்டு வாலட்டுக்குப் போய்விடும். லிக்விடேட்டர் விற்க கட்டடம் இல்லை, கைது செய்ய மாப்பிள்ளை இல்லை. சட்டம் நூறு வருஷமாகக் கட்டிய வரிசைக்கு வெளியே நிற்கிறார் மாமா.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் வரிசை உண்டு. பணம் அந்த நாலைந்து கணக்கு தாண்டுவதற்குள். 1930-க்கு அடித்தால், பரிமாற்ற எண்ணை வைத்துப் பணம் போன பேங்குகளுக்குத் தகவல் போய், எங்கே மிச்சம் இருக்கிறதோ அங்கே முடக்குவார்கள். அங்கே நாள் கணக்கு கிடையாது, மணிக்கணக்குதான்.

இதையெல்லாம் அந்த ராத்திரி மாமாவிடம் சொல்லவில்லை, எனக்கே அப்போது பாதி தெரியாது. பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். பூட்டன் கதையை மட்டும் ஞாபகப்படுத்தினேன். "மாமா, அன்னைக்கும் கல்யாணம்தான். மானத்துக்குப் பயந்து எழுதல்ல. மானமும் மிஞ்சல்ல, வயலும் மிஞ்சல்ல" என்றேன். அத்தை உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். வெளியே வந்து ஒன்றுமே பேசாமல் பாஸ்புக்கைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். மாமா அழுதுவிட்டார்.

அப்புறம் விடிய விடிய எழுதினோம். முதலில் 1930. பிறகு சைபர் கிரைம் தளத்தில் புகார். பதினான்கு பரிமாற்றங்கள். ஒவ்வொன்றுக்கும் தேதி, நேரம், பரிமாற்ற எண், போன கணக்கு. "வணக்கம் அண்ணாச்சி" முதற்கொண்டு எல்லா உரையாடலும் ஸ்க்ரீன்ஷாட். மாமா கோபத்தில் ஆப்பை அழிக்கப் போனார், கையைப் பிடித்து நிறுத்தினேன். அதுதான் ஆதாரம். திங்கட்கிழமை காலை பேங்க் கிளையில் எழுத்துமூலம், மதியம் சைபர் கிரைம் போலீசில் நேரில். பழைய பரிமாற்றங்கள் எல்லாம் போயே போச்சு. வெள்ளிக்கிழமை கட்டிய தொண்ணூறாயிரத்தில் முப்பத்தெட்டாயிரம் ஒரு கணக்கில் நின்றிருந்தது. முடக்கிவிட்டார்கள். அதை விடுவிக்க கோர்ட்டுக்கு மனு போட்டிருக்கிறோம்.

ஆறு நாற்பதில் முப்பத்தெட்டு. கணக்குப் போட்டால் ரூபாய்க்கு ஒரு அணாகூட இல்லை.

கதை அதோடு முடியவில்லை. பத்து நாள் கழித்து மாமாவுக்கு இன்னொரு போன். "கிரிப்டோ மீட்பு நிறுவனம், உங்கள் முழுப் பணமும் தயார், கிளெய்ம் பதிவுக் கட்டணம் 25,000 மட்டும்." மாமா பெயர், தொகை எல்லாம் சரியாகச் சொல்லியிருக்கிறான். முதலில் ஏமாற்றியவர்களே, அல்லது அவர்களிடம் பட்டியல் வாங்கியவர்கள். ஏமாந்தவன் பட்டியலுக்கும் சந்தையில் விலை இருக்கிறது. இந்த முறை மாமா என்னைக் கூப்பிடவில்லை. அவரே கேட்டாராம்: "புகார் குடுக்கதுக்கு சர்க்காருக்கே நான் காசு குடுக்கல்ல. ஒனக்கு எதுக்குவேய்?" இதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு மாசம் கழித்து முதல்முறையாகப் பழைய கோட்டாறு கடை முதலாளி தெரிந்தார்.

"எழுதிக் குடுத்தா மட்டும் பணம் வந்துருமா?" என்று கேட்டாரே, அதற்கு என் பதில் இதுதான். பெரும்பாலும் வராது. கொஞ்சம் வரலாம். ஆனால் 1909 சட்டமோ, டெபாசிட் இன்சூரன்ஸோ, 1997 சட்டமோ, பணம் முழுசாகத் திரும்பக் கிடைத்தவர்களால் வரவில்லை. கிடைக்காது என்று தெரிந்தும் தேதி போட்டு, தொகை போட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர்களால் வந்தது. எழுதாதவர்களின் நஷ்டம் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. என் பூட்டனுடைய நானூறு ரூபாய் இந்தப் பதிவைத் தவிர வேறெங்கும் பதிவாகவில்லை.

மாமா பொண்ணுக்குத் தை மாசம் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டில் விஷயத்தை மாமாவே போய்ச் சொல்லிவிட்டார். சம்பந்தி ஒரு நிமிஷம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்க அண்ணனுக்கும் இதே மாதிரி ரெண்டு லட்சம் போச்சு. வெளிய சொல்லல்ல" என்றாராம். இப்போது அந்த அண்ணன் நம்பரும் என் போனில் இருக்கிறது. அடுத்த ஞாயிறு அவருக்கு எழுத வேண்டும்.

டிஸ்கி: நான் வக்கீல் இல்லை. உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி நடந்திருந்தால் இந்தப் பதிவுக்குப் பின்னூட்டம் போடுவதற்கு முன்னால் 1930-க்கு அடிக்கவும். பின்னூட்டம் நாளைக்கும் போடலாம் :-)